அந்த ஹெரால்டுக்கு ஒரு போட்டோகூட இல்லை!

காலேஜ் பஸ்ஸைப் பிடிக்க ஓடுற அவசரத்துல, உங்க தெருவுல தினமும் எதையெல்லாம் தாண்டிப் போறீங்கன்னு கவனிச்சிருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்?

நான் கவனிச்சதில்லை. புரசைவாக்கத்தில் எங்க சந்து முனையில், பூவரச மரத்தடியில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நின்றது. வெளிறிப்போன நீலம். டயரில் காற்று இல்லை. நாலு பக்கமும் செங்கல் முட்டுக் கொடுத்திருந்தார்கள். நாங்க கிரிக்கெட் ஆடும்போது அதன் பின்பக்கம்தான் எங்களுக்கு ஸ்டம்ப். பந்து பானெட் மேல் பட்டால் இரண்டு ரன், கண்ணாடியில் பட்டால் அவுட்... ஆள் எஸ்கேப்!

காலேஜ் மூணாவது வருஷம் கையில் முதல் கேமரா வந்தது. அப்பாவை நச்சரித்து வாங்கிய டிஜிட்டல் கேமரா. மெரினாவை எடுத்தேன், மகாபலிபுரத்தை எடுத்தேன், ஹாஸ்டல் நாய் தூங்குவதை இருபது ஆங்கிளில் எடுத்தேன். ஹெரால்டை மட்டும் எடுக்கவில்லை. 'அது எங்க போயிடப் போகுது?' என்ற தைரியம்தான். செமஸ்டர் முடிந்து ஒரு நாள் சந்துக்குள் திரும்புகிறேன்... மரம் இருக்கிறது, நாலு செங்கல் இருக்கிறது, தரையில் கறுப்பாக ஒரு எண்ணெய்க் கறை இருக்கிறது. கார் இல்லை. 'பழைய சாமான்காரன் வந்தான்பா, ரெண்டு மணி நேரத்துல தூக்கிட்டுப் போயிட்டான்' என்றார் இஸ்திரி வண்டி அண்ணன்.

அன்னைக்குப் பிடிச்சதுதான் இந்தப் பைத்தியம். பழைய கார்களையும், அவை நிற்கிற ஊரையும் சேர்த்துப் படம் பிடிக்கிற பைத்தியம். உங்களுக்கும் கொஞ்சம் தொற்ற வைக்கலாம்னுதான் இதை எழுதறேன்.

செட்டியார் கட்டின ஊரு, செட்டியார் ஓட்டின காரு

'பழைய காரா? அதெல்லாம் ஊட்டி, ஜெய்ப்பூர்னு மகாராஜா வீட்டுல இருக்கும் பாஸ்'னு நினைக்கிறவங்களுக்கு ஒரு சேதி. நம்ம சென்னைக்கும் காருக்கும் நூறு வருஷத்துக்கு மேல் பழக்கம்.

தாடிகொண்ட நம்பெருமாள் செட்டி என்று ஒருவர். கட்டட கான்ட்ராக்டர். சென்னை உயர் நீதிமன்றம், விக்டோரியா பப்ளிக் ஹால், எழும்பூர் கன்னிமாரா நூலகம் எல்லாம் அவர் கை வேலை. ஆங்கிலேய இன்ஜினீயர்கள் வரைந்து கொடுத்ததைச் செங்கல் செங்கலாக எழுப்பியவர். இந்த ஊரில் சொந்தமாகக் கார் வைத்திருந்த முதல் இந்தியர் என்று சொல்லப்படுபவரும் இவரேதான்! பிரான்ஸில் செய்த கார், பதிவு எண் எம்.சி. 3. எம்.சி. என்றால் மெட்ராஸ் சிட்டி. அதற்கு முன்னால் எம்.சி. 1 யாருடையது தெரியுமா? துறைமுகத்தின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்குடையது.

இந்த இடத்தில் மேத்ஸ் டிபார்ட்மென்ட் மக்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். கணித மேதை ராமானுஜன் 1912-ல் குமாஸ்தாவாகச் சேர்ந்தது இந்த ஸ்பிரிங்கின் துறைமுக ஆபீசில்தான். இங்கிலாந்திலிருந்து உடம்பு முடியாமல் திரும்பி, 1920-ல் அவர் கடைசி மூச்சை விட்டது சேத்துப்பட்டில் நம்பெருமாள் செட்டியின் வீடுகளில் ஒன்றில். எம்.சி. 1-க்கும் எம்.சி. 3-க்கும் நடுவில் ஒரு ராமானுஜன்!

செட்டியார் தன் காரை, தானே கட்டிய உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கோபுரத்துக்கு முன்னால் நிறுத்தி ஒரு படம் எடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? அப்படி ஒன்று இருந்தாலும் என் கண்ணில் படவில்லை. கார் என்ற ஒன்றே அதிசயமாக இருந்த காலம். அந்த மாதிரிப் படத்தை இன்று நினைத்துப் பார்க்கத்தான் முடிகிறது.

அப்புறம் நம்ம ஊரிலேயே கார் செய்ய ஆரம்பித்தார்கள். அண்ணா சாலை சிம்சன் கம்பெனி தெரியும்தானே, பெரியார் சிலைக்கு அருகில் பஸ் ஸ்டாப்புக்கே பெயர் கொடுத்த சிம்சன்... அங்கே சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903-ல் நீராவியில் ஓடும் கார் ஒன்றைச் செய்து ஓட்டினார். சுதந்திரத்துக்குப் பிறகு எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் வந்தது. இன்று லாரிக்கும் பஸ்சுக்கும் பெயர்போன அசோக் லேலண்ட் 1949-ல் தொடங்கியது ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டிக் கொடுத்துத்தான். வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ். என் ஹெரால்டு பிறந்த வீடு!

1961-ல் வந்த ஹெரால்டு ஒரு வித்தியாசமான பிறவி. வடிவமைத்தவர் இத்தாலிக்காரர், ஜியோவானி மிக்கெலோட்டி. மற்ற கார்களில் பானெட் மட்டும் திறக்கும். இதில் முன்பக்க மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து மொத்தமாக முன்னால் கவிழ்ந்து திறக்கும். முதலை வாயைப் பிளந்த மாதிரி. முதலில் இரண்டு கதவு. நம்ம குடும்பத்துக்கு அது போதுமா? பாட்டி பின்னால் ஏற முடியாதே! பிறகு இந்தியாவுக்கென்றே நாலு கதவு வைத்து விட்டார்கள். 1988-ல் கம்பெனி மூடிவிட்டது. ஆக, அந்தப் பூவரச மரத்தடியில் செங்கல் மேல் நின்றது வெறும் ஓட்டை வண்டி இல்லை. தாம்பரம் தாண்டிப் பிறந்து, புரசைவாக்கத்தில் கண்ணை மூடிய பக்கா சென்னைவாசி. அது தெரியாமல் அதன் முதுகில் பந்தடித்திருக்கிறோம்.

ராலியில் ஆயிரம் பேர், சந்தில் நீங்க ஒருத்தர்

பழைய காரைப் படம் எடுக்கணும்னா எங்கே போறது? சுலபமான பதில்கள் இருக்கின்றன. தி.நகர் ஆற்காடு தெருவில் எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்தில் அவருடைய 4777 எண் அம்பாசடர் நிற்கிறது. வடபழனி ஏ.வி.எம். ஸ்டுடியோவில் 2023-ல் திறந்த அருங்காட்சியகத்தில் சினிமா கேமராக்களோடு பழைய கார்களும் இருக்கின்றன. கோயம்புத்தூர் மக்களுக்கு லக்! அவினாசி சாலையில் 2015-ல் தொடங்கிய ஜி.டி. கார் மியூசியம் பக்கத்திலேயே. ஜி.டி. நாயுடு பெயரில் இருப்பது. ஒரு நாள் முழுக்கச் சுற்றலாம். பழைய கார் வைத்திருப்பவர்களின் சங்கங்கள் அவ்வப்போது நடத்தும் ராலிகளும் உண்டு.

இங்கெல்லாம் கண்டிப்பாகப் போங்க. கை பழகும், மாடல் பெயர்கள் மனசில் நிற்கும். ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ராலியில் பளபளன்னு நிற்கிற ரோல்ஸ் ராய்ஸை அன்றைக்கே ஆயிரம் பேர் எடுத்திருப்பார்கள். நீங்க எடுத்தது ஆயிரத்து ஒண்ணாவது. அந்தக் காருக்கு உங்க படம் தேவையே இல்லை. உங்க பெரியம்மா தெருவில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிற பத்மினிக்குத்தான் தேவை. அதை எடுக்க உங்களை விட்டால் ஆளே கிடையாது.

காரே இப்படி என்றால் கட்டடம்? அதுவும் 'எங்க போயிடப் போகுது' கேஸ்தான். 1900-ல் திறந்த மூர் மார்க்கெட் 1985-ல் தீப்பிடித்து எரிந்தது. இன்று அந்த இடத்தில்தான் நீங்க மின்சார ரயில் ஏறுகிறீர்கள். பழைய ஸ்பென்சரும் தீயில் போனது. கதீட்ரல் ரோட்டில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் என்று ஒன்று இருந்தது. காரை மரத்தடியில் நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்திருந்தால் ஜன்னலில் தட்டை மாட்டி, மசால் தோசையும் டிகிரி காபியும் தருவார்கள். 1962 முதல் 2008 வரை அங்கே எத்தனை அம்பாசடர், எத்தனை ஃபியட், எத்தனை ஹெரால்டு சாம்பார் வாசத்தோடு நின்றிருக்கும்! 2010 முதல் அது செம்மொழிப் பூங்கா. பூங்காவும் அழகுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மரத்தடிக் கார்களைத் தேடினால் கிடைக்கிற படங்கள் கைவிரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான். தினமும் சாப்பிடப் போகிற ஓட்டலை எவன் போட்டோ எடுப்பான்?

மவுண்ட் ரோடில் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடம், 1897-ல் கட்டியது, 2006-ல் இடிக்க ஆரம்பித்தே விட்டார்கள். ஆர்வலர்கள் கோர்ட்டுக்குப் போய் நிறுத்தினார்கள்.

எடுக்கலாம் வாங்க...

'என்கிட்ட பெரிய கேமரா இல்லையே' என்று ஆரம்பிக்காதீங்க. பாக்கெட்டில் இருக்கிற மொபைல் போதும். ஆனா அதோட குணம் தெரியணும்.

மொபைலின் சாதாரண லென்ஸே அகல லென்ஸ்தான். கார் பக்கத்தில் போய் நின்று எடுத்தால் முன்பக்கம் பலூன் மாதிரி உப்பி, பின்பக்கம் சுருங்கிப் போகும். அம்பாசடரின் அழகே அந்த உருண்டை முதுகு. அது காணாமல் போகும். பத்தடி பின்னால் போங்க, 2எக்ஸ் வைங்க. காரும் நேராகும், பின்னால் இருக்கிற கட்டடமும் பெரிதாகி முன்னால் வரும். மொபைலை அண்ணாந்து சாய்த்தால் கட்டடம் மல்லாக்க விழுகிற மாதிரி தெரியும். அதனால் குனியுங்க. ஹெட்லைட் உயரத்துக்கு உங்க கண் வரணும். முட்டி அழுக்காகும், பரவாயில்லை, நம்ம ஜீன்ஸ் எதற்கு இருக்கிறது?

முன்னாலும் பக்கவாட்டிலும் சேர்ந்து தெரிகிற முக்கால் கோணத்தில் நில்லுங்க. ஓனர் சம்மதித்தால் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பச் சொல்லுங்க. டயரின் கறுப்பு மறைந்து, வீல் கப் கேமராவைப் பார்க்கும். இந்த ஒரு சின்ன விஷயத்தில் நின்ற காருக்கு உயிர் வந்துவிடும்.

குரோம் பம்பர் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. வீட்டுக்கு வந்து பெரிசு பண்ணிப் பார்த்தால் நடுவில் மஞ்சள் டி-ஷர்ட்டில் ஒரு குள்ள உருவம் தெரியும்... அது நீங்கதான். என் முதல் ஐம்பது படத்திலும் நான் இருக்கிறேன்! கறுப்போ கருநீலமோ போட்டுப் போங்க. உச்சி வெயிலில் குரோம் கண்ணைக் குத்தும். வெள்ளை அம்பாசடர் வெளுத்து வெறும் பேப்பர் ஆகும். திரையில் அந்த வெள்ளை மேல் விரலை வைத்து, வெளிச்சத்தைக் கீழே இழுங்க. அதைவிட, வெயிலில் எடுக்காமல் இருப்பது நல்லது. மேகம் மூடிய நாள்தான் நம்ம நாள். அதிலும் ஐப்பசி, கார்த்திகை மழை விட்ட பொழுது இருக்கே, ரோட்டுப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி இருக்கும். ஊரே திட்டுகிற அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் மொபைலைத் தலைகீழாக வைத்து எடுத்துப் பாருங்க. கார் ஒன்று மேலே, ஒன்று கீழே!

நேரம்? விடியற்காலைதான். சென்னையில் இதற்கென்றே கட்டின மாதிரி ஒரு தெரு உண்டு, காமராஜர் சாலை. மாநிலக் கல்லூரி, சிசோம் கட்டிய செனட் ஹவுஸ், விவேகானந்தர் இல்லம் எல்லாம் வரிசையாகக் கடலைப் பார்த்து நிற்கின்றன. சூரியன் கடலிலிருந்து எழுந்து நேரே அவற்றின் முகத்தில் அடிக்கும். ஜூன் மாதத்தில் முக்கால் ஆறுக்கு முன்பே உதயம், ஜனவரி கடைசியில் ஆறரையும் தாண்டும். உதித்து அரை மணி நேரம் செங்கல் எல்லாம் தேன் நிறத்தில் இருக்கும். அதற்குள் எடுத்தால் உண்டு. எட்டு மணிக்கு எழுந்து, மெஸ்ஸில் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போனால் வெறும் வெயில்தான் கிடைக்கும். மெட்ரோ வேலைத் தடுப்பு எங்கே இருக்கிறது, எங்கே வண்டி நிறுத்தலாம் என்று முதல் நாளே ஒரு நடை போய்ப் பார்த்துவிடுங்க.

வருஷத்துக்கு ஒரு நாள் ஊரே உங்களுக்காக செட் போட்டுத் தரும். ஆயுத பூஜை! பதினோரு மாதம் தார்ப்பாய்க்குள் தூங்கிய வண்டி எல்லாம் அன்று வெளியே வரும். குளித்து, சந்தனம் வைத்து, மாலை போட்டு, வாழைக்கன்று கட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து... ஓனர் நல்ல மூடில் இருப்பார். பொரிகடலையும் கிடைக்கும். நான் வருஷா வருஷம் அன்றைக்கு மட்டும் யார் வீட்டுக்கும் கூப்பிட்டால் போவதில்லை. தெருத் தெருவாகத்தான்.

'விக்கிறதா இல்லை தம்பி!'

இனி முக்கியமான பாடம். கார் நிற்பது ரோட்டில் என்றாலும் அது ஒருத்தர் வீட்டுச் சொத்து. கேட்காமல் சுற்றிச் சுற்றி எடுத்தால் திருட வந்தவன் என்றுதான் நினைப்பார்கள். அதில் தப்பே இல்லை.

ராயப்பேட்டையில் ஒரு பழைய வீட்டு வாசலில் பிரீமியர் பத்மினி. க்ரீம் கலர். கேட் அருகில் தயங்கி நின்றேன். ஈஸி சேரில் பேப்பர் படித்த பெரியவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

'விக்கிறதா இல்லை தம்பி, போயிட்டு வா.'

'வாங்க வரலை சார். ஒரு போட்டோ எடுத்துக்கலாமான்னு...'

'எதுக்கு?'

'சும்மா, ஹாபி சார்.'

'ஹாபியா? எடுக்கறதுக்கு முன்னாடி துடைக்கணும்னு தெரியாதா? இந்தா!' தோளிலிருந்த துண்டு என் மேல் வந்து விழுந்தது.

இருபது நிமிஷம் துடைத்தேன் மக்களே! துடைக்கத் துடைக்க அவருக்கு வாய் திறந்தது. வண்டியை புக் பண்ணிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தது, ஸ்டியரிங் பக்கத்திலேயே இருக்கும் கியரைப் பழக மனைவி பட்ட பாடு, மகளைப் பிரசவத்துக்குக் கூட்டிப்போன ராத்திரி ஜெமினி மேம்பாலத்தில் பெட்ரோல் தீர்ந்தது... கேட்டு முடிக்கும்போது வெளிச்சம் சரியாகப் பக்கவாட்டில் வந்திருந்தது. நாலே படம் எடுத்தேன்.

ஒரு வாரம் கழித்துப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர் காரைப் பார்க்கவில்லை. படத்தின் ஓரத்தில் ஒரு இடத்தைக் கட்டை விரலால் தடவினார். 'எங்கப்பா பேர்ப் பலகை... தெளிவா விழுந்திருக்கு பாரு' என்றார். கேட் தூணில் கறுப்புக் கல்லில் வெட்டிய பெயர். எடுக்கும்போது அது என் கண்ணில் படவே இல்லை. மறுவருஷம் அந்த வீடு பில்டரிடம் போனது. வண்டி யாரோ சொந்தக்காரர் ஊருக்கு. வீடு, பலகை, கார் மூன்றும் ஒன்றாக இருக்கிற படம் அந்த ஒன்றுதான் என்று பின்னால் போனில் சொன்னார். இன்னும் இரண்டு காப்பி கேட்டார்.

அதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. காரை மட்டும் வெட்டி எடுக்கிறதில்லை. பின்னால் இருக்கிற டீக்கடை போர்டு, தெருப் பெயர்ப் பலகை, கோயில் கோபுரத்தின் நுனி, ஏதாவது ஒன்று படத்தில் வந்தாக வேண்டும். ரிப்பன் மாளிகை, எல்.ஐ.சி. மட்டும்தான் லேண்ட்மார்க்கா என்ன? 'எங்கப்பா இறங்க வேண்டியது அந்த மஞ்சள் வீட்டு ஸ்டாப்புல' என்று ஆட்டோக்காரரிடம் சொல்கிறீர்களே, அந்த மஞ்சள் வீடும்தான்.

படம் எடுத்த கையோடு எழுதுங்க. தேதி, தெரு, காரின் மாடல், ஓனர் சொன்ன கதை. மாடல் தெரியவில்லையா? நம்பர் பிளேட்டே பாதி ஜாதகம். டி.என். 01 மாதிரி எண்கள் 1989-க்குப் பிறகு வந்தவை. அதற்கு முன்னால் எம்.எஸ்., எம்.டி., டி.எம். என்று தொடங்கும் மூன்று எழுத்துகள். எம்.ஜி.ஆர். வண்டி டி.எம்.எக்ஸ். அப்படி ஒரு பிளேட்டைப் பார்த்தால் சைக்கிளை நிறுத்துங்க! ஆனால் படத்தை ஊருக்கெல்லாம் அனுப்பும்போது எண்ணையும் வீட்டு விலாசத்தையும் மறைத்துவிடுங்க. மறைக்காத ஒரிஜினல் உங்க கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கட்டும்.

போலீஸ், செக்யூரிட்டி விஷயத்தில் ஹீரோயிசம் வேண்டாம். கோட்டை, உயர் நீதிமன்றம் பக்கமெல்லாம் 'எடுக்காதே' என்றால் எடுக்காதீங்க. தொல்லியல் துறை இடங்களில் ட்ரைபாட் வைக்கத் தனி அனுமதி வேண்டும். டிரோன் ஆசை இருந்தால் முதலில் வரைபடத்தில் அந்த இடம் தடை செய்யப்பட்ட பகுதியா என்று பாருங்க.

புதுப்பேட்டை போகும் முன்...

செல்வராகவன் படத்தால் உங்களில் பலருக்குப் புதுப்பேட்டை தெரியும். கார்க்காரர்களுக்கு அது வேறு காரணத்துக்காகத் தெரியும். கூவம் ஓரத்தில், கதவு ஒரு கடை, கியர் பாக்ஸ் ஒரு கடை, ஸ்டியரிங் ஒரு கடை என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். பழைய வண்டியை உயிரோடு வைத்திருப்பவர்களுக்கு அதுதான் ஆஸ்பத்திரி. பல வண்டிகளுக்கு அதுவே மயானமும்.

இப்போது அந்தப் பக்கம் போகிற வேகம் கூடியிருக்கிறது. தனியார் கார் 15 வருஷம் தாண்டினால், 5 வருஷத்துக்கு ஒரு முறை சோதனைக்குக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்கணும். 2022-ல் அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது. 20 வயதைத் தாண்டிய வண்டிகளுக்கு 2025-ல் மறுபடி ஏறியது. 50 வயதான ஒரிஜினல் வண்டிக்கு 2021-ல் தனி விதி வந்தது. 20,000 ரூபாய் கட்டி 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு வின்டேஜ் எண் வாங்கலாம். ஆனால் அதை அன்றாடம் ஓட்டக் கூடாது, ராலிக்கும் கண்காட்சிக்கும்தான். பணக்காரர் வீட்டு வண்டிக்கு இது கவுரவம். தெருவில் நிற்கிற வண்டிக்கு? பென்ஷன் வாங்கும் ஒரு பெரியவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, பழைய சாமான்காரருக்குப் போன் போட்டால் அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அதற்கு முன் எனக்கு ஒரு போன் போட்டால் போதும்.

'அம்பாசடர், பத்மினியெல்லாம் எங்க ஊர்ல எப்பவோ காலி சார்' என்று கடிதம் எழுதப் போகிறவர்களுக்கு: உங்க ஷெட்டுக்குள் பாருங்க. மாருதி 800 நின்றுபோனது 2014-ல். அதே வருஷம்தான் அம்பாசடரும். மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் 1999-ல் பிறந்தது ஐகான். அந்த ஆலையிலேயே கார் ஓடி வருவது 2022-ல் நின்றது. திருவள்ளூரில் செய்த லான்சர், இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் வந்த முதல் சான்ட்ரோ... இவையெல்லாம் இப்போது என் பழைய ஹெரால்டு நின்ற நிலையில் நிற்கின்றன. யாரும் திரும்பிப் பார்க்காத வயசு. கிளாசிக் என்று சொல்லவும் முடியாது, புதுசு என்றும் சொல்ல முடியாது. விற்றால் விலை போகாது என்று அப்பா திட்டுகிற வயசு. இதுதான் படம் எடுக்க வேண்டிய வயசு! அப்பாவையும் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்க. 'என்னடா கூத்து' என்பார். சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நிற்பார்.

அப்புறம் அந்த ஹெரால்டு கதை. ஒரு படமாவது கிடைக்காதா என்று வருஷக்கணக்கில் தேடினேன். அதன் ஓனர் குடும்பம் எங்கே போனது என்று தெரியவில்லை. போன பொங்கலுக்கு, பழைய தெரு நண்பன் ஒருவன் வீட்டில் ஆல்பம் புரட்டினோம். பள்ளிக்கூட நாளில் எங்க கிரிக்கெட் டீம் எடுத்துக்கொண்ட குரூப் போட்டோ ஒன்று இருந்தது. பிளாஸ்டிக் கப்பைத் தூக்கிப் பிடித்தபடி பதினோரு பேர். பின்னால் பூவரச மரம். மரத்தடியில் நீலமாக ஒரு முதுகு, ஒரு பின்விளக்கு, எம்.எஸ். என்று தொடங்கும் நம்பர் பிளேட்டின் ஓரம்.

மீதி எழுத்து தெரிகிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தோம். தெரியவில்லை. நடுவில் யாரோ இடுப்பில் கை வைத்து ஸ்டைலாக நிற்கிறான், அவன் முழங்கை மறைக்கிறது.

நான்தான்.